டிசம்பர் விடுமுறையில் லண்டன்: மாமியாரும் இரண்டு பிள்ளைகளும், ஆலோசனை வேண்டும்

பொங்கோல் மீனா

எல்லோருக்கும் வணக்கம். இந்த டிசம்பர் பள்ளி விடுமுறைக்கு லண்டன் என்று வீட்டில் முடிவாகிவிட்டது. நாங்கள் ஐந்து பேர். நான், கணவர், உயர்நிலை 1 படிக்கும் மகன் (13), தொடக்கநிலை 2 படிக்கும் மகள் (8), மாமியார் (71). மாமியாருக்கு இரண்டு முழங்காலிலும் வலி. சமதரையில் நன்றாக நடப்பார். படி என்றால் கைப்பிடியைத் தேடுவார்.

24 இரவு சாங்கியில் ஏறி 25 காலை ஹீத்ரோவில் இறங்கும் டிக்கெட் மற்ற நாட்களைவிட நல்ல மலிவு. திரும்புவது 31. கணவரின் பிரிவில் ஆளுக்கொரு வருடம் கிறிஸ்துமஸ் வார லீவு, இந்த வருடம் இவர் முறை. அதனால்தான் இந்தத் தேதி.

எழுதி வைத்திருக்கும் திட்டம் இது. 25 மதியம் லண்டன் டவர், டவர் பாலம். 26 பிரிட்டிஷ் மியூசியம், இயற்கை வரலாற்று மியூசியம். 27 பக்கிங்ஹாம் அரண்மனை, வெஸ்ட்மின்ஸ்டர், கிரீனிச், இரவு ஹைட் பார்க் கேளிக்கைச் சந்தை. 28 முருகன் கோயில் (மாமியாரின் ஒரே ஆசை). 29, 30 கடைத்தெரு. மகளுக்குப் பனி பார்க்க வேண்டும்.

டிக்கெட் இன்னும் வாங்கவில்லை. குறை நிறை சொல்லுங்கள்.

ரயில் பைத்தியம்

வாங்கவில்லை என்ற கடைசி வரியைப் படித்ததும்தான் மூச்சு வந்தது.

டிசம்பர் 25 அன்று லண்டனில் பாதாள ரயில் ஓடாது. பேருந்து ஓடாது. எலிசபெத் லைன், ஹீத்ரோ எக்ஸ்பிரஸ் எதுவும் ஓடாது. குறைத்து ஓட்டுவார்கள் என்று நினைக்காதீர்கள், அறவே கிடையாது. விமானம் மட்டும் இறங்கும். டிக்கெட் ஏன் மலிவு என்று இப்போது புரிகிறதா? மிச்சம் பிடித்த காசை டாக்சிக்காரரிடம் கொடுப்பீர்கள். ஐந்து பேருக்கும் பெட்டிகளுக்கும் பெரிய வண்டியாக, முன்கூட்டியே பதிவு செய்து.

டவர் 24 முதல் 26 வரை மூடல். பிரிட்டிஷ் மியூசியம், இயற்கை வரலாற்று மியூசியம் இரண்டும் அதே மூன்று நாள் மூடல். ஆக உங்கள் முதல் இரண்டு நாள் திட்டத்தில் பாலம் மட்டும்தான் மிச்சம். அதையும் வெளியில் நின்று பார்க்கலாம்.

ஈசூன்காரன்

அண்ணன் சொன்னது அத்தனையும் உண்மை. சீனப் புத்தாண்டு முதல் நாளில் நம் பேட்டைக் கடைகள் பூட்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஆனால் அன்றைக்கும் எம்ஆர்டி ஓடும். அங்கே அதுவும் நின்றுவிடும். சாலையில் ஆளே இருக்காது. நடக்கப் பிடித்தவர்களுக்கு அது ஒரு தனி அனுபவம்தான், மறுக்கவில்லை. பதினான்கு மணி நேரம் பறந்து வந்த முழங்கால் வலிக்காரருக்கு அது சரிப்படாது.

26 அன்றும் பாதாள ரயில் குறைவாகத்தான் ஓடும், மற்ற ரயில்கள் பெரும்பாலும் இருக்காது. அன்று கடைகளில் தள்ளுபடி ஆரம்பம். ஊரே ஆக்ஸ்ஃபர்ட் தெருவில் இருக்கும்.

தேக்கா பெரியவர்

லண்டனே எதற்கம்மா? டிசம்பரில் தோக்கியோ போ. ஏழு மணி நேரப் பறப்பு. வானம் பளிச்சென்று இருக்கும், மழை குறைவு. லண்டன் குளிரில் தூறல் விடாது. பேத்திக்குப் பனி வேண்டுமென்றால் ஹொக்கைடோ. லண்டனில் டிசம்பரில் பனி விழுவது அபூர்வம். விழுந்தாலும் மறுநாள் சேறு.

பொங்கோல் மீனா

ஐயா, தோக்கியோதான் முதலில் யோசித்தோம். மாமியார் சுத்த சைவம். அங்கே சூப்பிலும் குழம்பிலும் மீன் சாறு கலந்திருக்கும் என்று கேள்விப்பட்டு வேண்டாம் என்றுவிட்டார். லண்டனில் இட்லி கிடைக்கும் என்று யாரோ சொன்னதிலிருந்து வேறு ஊர் காதிலேயே ஏறவில்லை.

அரண்டுபோய் இருக்கிறேன். 25 தேதி விஷயம் எனக்குச் சுத்தமாகத் தெரியாது. அப்படியானால் 22, 23 வாக்கில் போய் இறங்கினால் சரியாகுமா?

ஜூரோங் மருமகள்

மீனா அக்கா, இரண்டு நாள் முன்னே பின்னே தள்ளுவதில் பெரிய லாபமில்லை. வேறு மாதிரி யோசியுங்கள். கிறிஸ்துமஸ் வாரத்தையே விட்டுவிட்டு டிசம்பர் முதல் பாதியில் போய்விட்டு வாருங்கள்.

நமக்குப் பள்ளி நவம்பர் மூன்றாவது வாரத்துக்கு மேல் விட்டுவிடுகிறது. அங்கே பள்ளிகள் டிசம்பர் 20 வாக்கில்தான் விடும். இடைப்பட்ட வாரங்களில் மியூசியத்தில் டைனோசரைப் பார்க்க முண்டியடிக்க வேண்டியதில்லை. விடுதி வாடகையும் கிறிஸ்துமஸ் வாரத்தைவிடக் குறைவு. ரீஜன்ட் தெரு, கார்னபி தெரு அலங்கார விளக்குகள் நவம்பரிலேயே எரிய ஆரம்பித்துவிடும். ஹைட் பார்க் சந்தையும் நவம்பர் பிற்பாதியிலேயே திறந்துவிடும். டிராஃபால்கர் சதுக்கத்தில் நிற்கும் பெரிய மரம் நார்வே மக்கள் அனுப்புவது. போர்க்காலத்தில் பிரிட்டன் செய்த உதவிக்கு நன்றியாக 1947 முதல் ஆண்டுதோறும் ஒஸ்லோவிலிருந்து வருகிறது. அதற்கு விளக்கேற்றுவது வழக்கமாக டிசம்பர் முதல் வியாழன்.

பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் இந்த விளக்கும் மரமும் சந்தையும்தானே? 25 அன்று அங்கே எல்லாரும் வீட்டுக்குள் சாப்பிட்டுக்கொண்டு இருப்பார்கள். வெளியே நின்று எட்டிப் பார்க்கவா போகிறீர்கள்?

ரயில் பைத்தியம்

+1. இந்த இழையில் இதற்கு மேல் யாரும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் சொல்வோம்.

வூட்லண்ட்ஸ் வாசி

எல்லோரும் தேதியிலேயே நிற்கிறீர்கள். முதலில் பாஸ்போர்ட் என்ன என்று கேளுங்கள். மாமியார் சிங்கப்பூர்க் குடியுரிமையா, இந்தியப் பாஸ்போர்ட்டா?

பொங்கோல் மீனா

நாங்கள் நால்வரும் குடிமக்கள். மாமியார் நிரந்தரவாசி, இந்தியப் பாஸ்போர்ட்.

வூட்லண்ட்ஸ் வாசி

நினைத்தேன். உங்கள் நால்வருக்கும் மின்னணுப் பயண அனுமதி போதும், ஈடிஏ என்பார்கள். 2025 ஜனவரி 8 முதல் சிங்கப்பூரர்களுக்கு அது கட்டாயம். குழந்தைக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். 10 பவுண்டில் ஆரம்பித்து 2025 ஏப்ரலில் 16 ஆக்கினார்கள், நீங்கள் எடுக்கும் நாளில் என்ன விலையோ அதுதான். பிரிட்டிஷ் அரசின் சொந்தச் செயலியில் போடுங்கள். கூகளில் தேடினால் முதலில் வருவது இரண்டு மூன்று மடங்கு வாங்கும் இடைத்தரகர் தளங்கள். ஒருமுறை எடுத்தால் இரண்டு வருடம் செல்லும், அதற்குள் பாஸ்போர்ட் முடிந்தால் அதோடு சரி.

மாமியாருக்கு இது கிடையாது. முழு விசா. பயணத்துக்கு மூன்று மாதத்துக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். இணையத்தில் படிவம் போட்டு, இங்கேயே நேரில் போய் கைரேகையும் படமும் கொடுக்க வேண்டும். பொதுவாக மூன்று வாரத்தில் முடிவு வரும். வங்கிக் கணக்கு விவரம், நீங்கள் செலவை ஏற்பதாகக் கடிதம், திரும்பி வருவதற்கு ஆதாரம் என்று காகிதங்கள் சேர்க்க வேண்டும். மூன்று வாரம் என்பதை நம்பி நவம்பர் வரை இழுக்காதீர்கள். திறந்த அன்றே போட்டுவிடுங்கள். விசா கைக்கு வரும்வரை விடுதியை ரத்து செய்யக்கூடிய வகையில் மட்டும் எடுங்கள்.

ஹீத்ரோவில் சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் தானியங்கி வாயிலில் போகலாம், ஆனால் 10 வயது ஆகியிருக்க வேண்டும். உங்கள் மகளுக்கு எட்டு. ஒருவர் மகளோடும் மாமியாரோடும் அதிகாரியிடம் போங்கள், மற்ற இருவர் வாயிலில் போய்ப் பெட்டிகளை எடுக்கட்டும். மாமியாருக்கு விமான நிறுவனத்திடம் சக்கர நாற்காலி உதவி முன்கூட்டியே கேட்டு வைத்தால் குடிநுழைவுவரை தள்ளிக்கொண்டு போவார்கள். ஹீத்ரோ நடை கால் கடுக்கும்.

பொங்கோல் மீனா

இவ்வளவு இருக்கிறதா! விசாவை நாங்கள் அக்டோபர் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தோம். நன்றி அண்ணா.

தேதி பற்றி இன்று இரவு கணவரிடம் பேசுகிறேன். அதுவரை ஒரு கேள்வி. தங்குவது எங்கே? கணவரின் ஒன்றுவிட்ட தம்பி குடும்பம் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறது. இங்கேயே தங்குங்கள் என்கிறார்கள். சாப்பாட்டுக் கவலை இல்லை. ஆனால் மையத்திலிருந்து தூரம் என்கிறார் மகன், வரைபடத்தைப் பார்த்துவிட்டு.

ஈசூன்காரன்

ஈஸ்ட் ஹாம் நல்ல இடம். ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் தேக்காவுக்கு வந்த மாதிரி இருக்கும். சரவண பவன் இருக்கிறது, இலங்கைத் தமிழர் கடைகளில் இடியாப்பம், கொத்து ரொட்டி எல்லாம் கிடைக்கும். மகாலட்சுமி கோயில் அதே தெருவில். டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் டவர், வெஸ்ட்மின்ஸ்டர் எல்லாம் ஒரே ரயில். தூரம் என்று பயப்படத் தேவையில்லை. நாம் பொங்கோலிலிருந்து ஹார்பர்ஃபிரண்ட் போகாததா?

சொந்தக்காரர் வீட்டில் ஐந்து பேர் ஒரு வாரத்துக்கு மேல் தங்குவது பற்றி நான் கருத்துச் சொல்ல மாட்டேன்.

ஜூரோங் மருமகள்

நான் சொல்கிறேன். ஒரு வேளை விருந்துக்குப் போங்கள், தங்காதீர்கள். லண்டன் வீடுகளில் பெரும்பாலும் ஒரே குளியலறை, படுக்கையறை மாடியில். மாமியார் ஒரு நாளைக்கு எத்தனை தடவை அந்தக் குறுகலான படியில் ஏறி இறங்குவார் என்று யோசியுங்கள். அவர்களும் டிசம்பர் முதல் பாதியில் வேலைக்குப் போய்க்கொண்டு இருப்பார்கள்.

அதைவிட முக்கியம் வெளிச்சம். அங்கே டிசம்பரில் எட்டு மணிக்குத்தான் விடியும். நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் போய்விடும். எட்டு மணி நேரம்கூட வெளிச்சம் கிடையாது. மையத்தில் இருந்தால் மூன்று மணிக்கு மாமியாரைக் கொண்டுவந்து அறையில் படுக்க வைத்துவிட்டு, ஐந்து மணிக்குத் திரும்ப விளக்கு பார்க்கக் கிளம்பலாம். ஈஸ்ட் ஹாமிலிருந்து அது முடியாது. ஒருமுறை கிளம்பினால் இரவுவரை எல்லோரும் சேர்ந்தே இழுபட வேண்டியதுதான்.

ரயில் பைத்தியம்

மருமகள் கட்சிதான் நானும். ஆனால் மையம் என்றால் எங்கே என்பதை முழங்கால் தீர்மானிக்கட்டும்.

லண்டன் பாதாள ரயில் நம் எம்ஆர்டி போல இல்லை. 1863-இல் தொடங்கியது. சாலையிலிருந்து ரயில்வரை மின்தூக்கியிலோ சரிவிலோ போகக்கூடிய நிலையங்கள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். மற்றவற்றில் எங்கேயாவது ஓர் இடத்தில் படி வரும். பெட்டியோடு அதைச் சந்திக்கும்போது சாங்கியை நினைத்துக் கண் கலங்கும்.

விதிவிலக்கு எலிசபெத் லைன். 2022 மே மாதம் திறந்தது. அதன் நிலையம் ஒவ்வொன்றிலும் படியில்லாத வழி உண்டு. அதனால் நான் சொல்வது பேடிங்டன் பக்கம். ஹீத்ரோவிலிருந்து அரை மணி சொச்சம், நேர் ரயில். அங்கிருந்து டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு இறங்கினால் பிரிட்டிஷ் மியூசியம் பொடிநடை. பழைய வீடுகளை விடுதியாக மாற்றியிருப்பார்கள், மின்தூக்கி இருக்கிறதா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். பிக்கடிலி லைன் இன்னும் மலிவுதான், ஆனால் மையத்துக்கு வர ஒரு மணி நேரம் ஆகும், எங்கே இறங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துப் படியும் உண்டு.

மற்ற இடங்களுக்குப் பேருந்து. எல்லாமே தாழ்தளம், சரிவுப்பலகை உண்டு. டிராஃபால்கர் சதுக்கத்தில் 15-இல் ஏறுங்கள். செயின்ட் பால் தேவாலயத்தைத் தாண்டி டவர்வரை போகும். பிள்ளைகள் மேல்தளத்தில் முன் இருக்கை, மாமியார் கீழே கதவுப் பக்கம். காசு கொடுத்து ஏறும் சுற்றுலாப் பேருந்து எதற்கு?

வங்கி அட்டையைத் தட்டி ஏறலாம், நம் ஊர் மாதிரியே. ரொக்கம் வாங்க மாட்டார்கள். பேருந்தில் இறங்கும்போது தட்டக் கூடாது, ஏறும்போது மட்டும். நம் கை பழக்கதோஷத்தில் தானாகப் போகும். ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பேருந்து மாறினாலும் ஒரே கட்டணம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும். காலையில் கைப்பேசியில் தட்டிவிட்டு மாலையில் அட்டையை எடுத்தால் இரண்டையும் வேறு வேறு ஆளாகக் கணக்கிடும், ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் பிடிக்க மாட்டார்கள் என்ற தினசரி உச்சவரம்பின் பலன் கிடைக்காது. மகளுக்கு 11 ஆகாததால் உங்களோடு இலவசம். மகனுக்கு ஆய்ஸ்டர் என்ற அந்த ஊர்ப் பயண அட்டை வாங்கி, நிலைய ஊழியரிடம் இளம் பயணி சலுகையைப் போட்டுத் தரச் சொல்லுங்கள். 11 முதல் 15 வயதுவரை பாதிக் கட்டணம்.

இன்னொன்று. மின்படியில் நாம் இடப்பக்கம் நிற்போம். அங்கே வலப்பக்கம். இடப்பக்கம் நின்றால் பின்னால் வருகிறவர் பெருமூச்சு விடுவார். அவர்கள் ஊரில் அது வசவு.

பொங்கோல் மீனா

சிரித்துவிட்டேன். மகன் உங்கள் பதிலைப் படித்துவிட்டு இப்போதே 15-ஆம் பேருந்தின் முன் இருக்கையைப் பிடித்துவிட்டான்.

நல்ல செய்தி. கணவரின் பிரிவில் இருக்கும் ஒரு கிறிஸ்துவ நண்பர் போன வருடமும் கிறிஸ்துமஸுக்கு வேலை பார்த்தவராம். என் வாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், உங்கள் வாரத்தைக் கொடுங்கள் என்று இவர் கேட்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லையாம். ஆக டிசம்பர் 4 இரவு கிளம்பி, 14 திரும்புகிறோம். விசாவுக்கான காகிதங்களைச் சேர்க்க ஆரம்பித்துவிட்டோம்.

அடுத்து குளிர். மாமியார் புடவைதான் கட்டுவார். பேண்ட் போடச் சொன்னால் பயணமே வேண்டாம் என்பார்.

ஜூரோங் மருமகள்

போட வேண்டாம். என் அம்மாவையும் புடவையிலேயே கூட்டிக்கொண்டு சுற்றியிருக்கிறேன்.

உள்ளே உடலோடு ஒட்டும் தெர்மல் மேல்சட்டையும் காலுக்குத் தெர்மல் லெக்கிங்ஸும். அதன்மேல் பாவாடை, புடவை. யாருக்கும் தெரியாது. புடவையை வழக்கத்தைவிட நாலு விரல்கடை ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தூறலில் கரை நனைந்து, அந்த ஈரம் கணுக்காலில் ஒட்டி, குளிர் அங்கிருந்துதான் ஏறும். பட்டோ பருத்தியோ வேண்டாம், சிந்தெடிக் சீக்கிரம் காயும். முந்தானையைத் தோளில் பின் குத்தி மடித்துவிட்டு, முழங்காலுக்குக் கீழ்வரை வரும் கோட்டைப் போட்டு ஜிப்பை மேல்வரை இழுத்துவிடுங்கள். கம்பளிக் காலுறை, வழுக்காத மூடிய காலணி. காலணியை இங்கேயே வாங்கி ஒரு மாதம் போட்டு நடந்து பழக்க வேண்டும். செருப்பிலேயே வாழ்ந்த கால் ஒரே நாளில் ஷூவுக்குள் அடங்காது. மற்றதற்கெல்லாம் கடன் வாங்குங்கள், காலணிக்கு மட்டும் காசைப் பார்க்காதீர்கள்.

பிள்ளைகளின் குளிராடையைப் புதிதாக வாங்கவே வேண்டாம். அடுத்த வருடம் சேராது. உங்கள் புளோக்கிலேயே நாலு வீட்டில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும், கேளுங்கள்.

பகலில் ஏழெட்டு டிகிரி இருக்கும், இரவில் இன்னும் இறங்கும். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், காற்றும் ஈரமும் சேர்ந்துதான் கடிக்கும். கடைக்குள்ளும் ரயிலுக்குள்ளும் நுழைந்தால் வெக்கை, அதனால் ஒரே தடிமனான உடுப்பைவிடக் கழற்றி மாட்டக்கூடிய இரண்டு மூன்று அடுக்கு நல்லது. தேங்காய் எண்ணெய் அங்கே உறைந்து கிடக்கும், உதட்டுக்கும் கைக்கும் வேறு களிம்பு எடுத்துப் போங்கள்.

தேக்கா பெரியவர்

கோயில் எந்த முருகன் கோயில்? லண்டனில் முருகனுக்குக் குறைவில்லை. ஹைகேட்டில் ஒன்று, ஈஸ்ட் ஹாம் பக்கம் ஒன்று. ஹைகேட் பழைய பேர் பெற்றது. ஆனால் ஹைகேட் நார்தர்ன் லைன் நிலையம் பள்ளத்தில் இருக்கிறது, மேலே ஏறி வரவேண்டும். பாட்டியை அந்த வழியில் கூட்டிப்போகாதே. லண்டன் பிரிட்ஜிலிருந்து 43-ஆம் பேருந்து ஆர்ச்வே ரோடு வழியாகவே போகும்.

ரயில் பைத்தியம்

ஐயா, பேடிங்டனில் தங்கினால் இன்னும் சுலபமான வழி ஒன்று உண்டு. எலிசபெத் லைனில் ஷென்ஃபீல்டு போகும் ரயிலில் ஏறி மேனர் பார்க்கில் இறங்கினால், சர்ச் ரோட்டில் இருக்கும் லண்டன் ஸ்ரீ முருகன் கோயிலுக்குக் கொஞ்ச தூரம்தான். போகும்போதும் வரும்போதும் ஒரு படி கிடையாது. தரிசனம் முடித்து அப்படியே ஈஸ்ட் ஹாம் உறவினர் வீட்டில் சாப்பாடு. ஒரே கல்லில் மாமியாரும் மாங்காயும்.

பொங்கோல் மீனா

மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு முருகனையும் பார்த்துவிடலாமே என்கிறார். ஆசைக்கு அளவில்லை.

தேக்கா பெரியவர்

பாட்டி சொல்வதுதான் சரி. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளச் சொல். காலணியைக் கழற்றி வைத்துவிட்டுக் கோயில் தரையில் வெறுங்காலோடு நிற்க டிசம்பரில் முடியாது.

ஈசூன்காரன்

பார்க்கும் இடங்களைப் பற்றி யாருமே பேசவில்லையே! முன்பு போட்ட 27-ஆம் தேதித் திட்டம் மாதிரி ஒரே நாளில் அரண்மனை, வெஸ்ட்மின்ஸ்டர், கிரீனிச், ஹைட் பார்க் என்று அடுக்காதீர்கள். வெளிச்சத்தில் வெளியே ஒன்று, இருட்டியதும் உள்ளே ஒன்று. அவ்வளவுதான் ஒரு நாளைக்கு.

அரண்மனைக் காவலர் மாற்றத்துக்காக ஒரு மணி நேரம் குளிரில் இடம் பிடித்து நின்று, முன்னால் நிற்பவரின் கைப்பேசியைப் பார்த்துவிட்டு வருவதைவிட, ஹார்ஸ் கார்ட்ஸ் போங்கள். குதிரைப்படைக் காவலர் மாற்றம் தினமும் 11 மணிக்கு, ஞாயிறு மட்டும் 10 மணி. கூட்டம் குறைவு. குதிரை மூச்சு விடும் புகை உங்கள் மகளுக்கு முகத்துக்கு எதிரே தெரியும். பனி இல்லாத குறையை அதுவே தீர்த்துவிடும்.

டவரில் கோகினூர் இருக்கும் நகைக்கூடத்தில் கிரீடங்களின் முன்னால் நகரும் நடைமேடை இருக்கிறது. காலையில் முதல் ஆளாகப் போனால் இறங்கி இன்னொரு முறை சுற்றி ஏறலாம். மாமியாருக்கு நடக்கவும் வேண்டாம். அது நம்முடையதல்லவா என்று அவர் சத்தமாகக் கேட்பார், தயாராக இருங்கள்.

வெள்ளிக்கிழமையை வீணாக்காதீர்கள். பிரிட்டிஷ் மியூசியம் மற்ற நாட்களில் ஐந்துக்கே மூடும், வெள்ளி மட்டும் இரவு எட்டரை வரை. நுழைவு இலவசம். எகிப்து மம்மியைப் பிள்ளைகள் பார்க்கட்டும், நீங்கள் 33-ஆம் அறைக்குப் போங்கள். சோழர் காலத்து நடராசர் நிற்கிறார். அமராவதிச் சிற்பங்கள் பக்கத்து அறையில்.

ஸ்கை கார்டன் என்று உயரத்திலிருந்து ஊரைப் பார்க்கும் இடம் ஒன்று, 35-ஆவது மாடி, அதுவும் இலவசம். ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு முன்னால் பதிவு திறக்கும், சூரியன் மறையும் நேரத்துச் சீட்டு முதலில் தீர்ந்துவிடும். மூன்றேகாலுக்கு எடுங்கள். பகல், அந்தி, விளக்கு மூன்றையும் ஒரே சீட்டில் பார்த்துவிடலாம். மின்தூக்கியும் உண்டு.

வூட்லண்ட்ஸ் வாசி

உங்கள் மகனுக்கு ஒரு வேலை கொடுங்கள். உயர்நிலை 1 வரலாற்றுப் பாடத்தில் ராஃபிள்ஸ் வருகிறார் அல்லவா, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவர் சிலையைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். நம் ஆற்றங்கரையில் கைகட்டி நிற்பவர் அங்கே உட்கார்ந்திருப்பார். 1826-இல் லண்டன் விலங்கியல் சங்கத்தைத் தொடங்கியவர்களில் முதன்மையானவர் அவர். ரீஜன்ட் பார்க் விலங்குத் தோட்டம் அந்தச் சங்கத்தினுடையதுதான். நான் என்னவோ மண்டாயில் பார்க்காத விலங்கு அங்கே இல்லை என்பேன், ஆனால் எட்டு வயதுக்காரியிடம் அந்த வாதம் எடுபடாது.

மூன்றாம் மாடி

புது ஆள், நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்களுக்கு 21 முதல் 29 வரை டிக்கெட் எடுத்தாகிவிட்டது, மாற்ற முடியாது. கணவனும் மனைவியும் மட்டும். 25 அன்று என்னதான் செய்வது?

ரயில் பைத்தியம்

நீங்கள் இருவர்தானே, நடக்க முடிந்தால் அது மோசமான நாளில்லை. விடுதி மட்டும் மையத்தில் இருக்க வேண்டும். வெஸ்ட்மின்ஸ்டரில் ஆரம்பித்து ஆற்றின் தென்கரையோரமாக டவர் பாலம்வரை நடங்கள். மற்ற நாட்களில் தோள் இடிக்கும் பாதை அன்று காலியாக இருக்கும். காலையில் செயின்ட் பால் தேவாலயத்தில் வழிபாடு உண்டு. வழிபாட்டுக்குப் போகிறவர்களுக்குக் கட்டணம் இல்லை, எந்த மதத்தவரும் உட்காரலாம். பாட்டைக் கேட்பதற்கே போகலாம்.

24 மாலைக்குள் ரொட்டி, பழம், பால் வாங்கி வைத்துவிடுங்கள். பேரங்காடிகள் அன்று சீக்கிரம் அடைத்து, 25 முழுக்கத் திறக்காது. உணவகத்தில் கிறிஸ்துமஸ் மதியச் சாப்பாடு என்றால் வாரக்கணக்கில் முன்பதிவு, முன்பணம், விலையும் தனி.

ஜூரோங் மருமகள்

மீனா அக்காவுக்கு மிச்சம் இருக்கும் துண்டு துக்காணிகளையும் சொல்லிவிடுகிறேன்.

மின்செருகி நம்முடையதே, அதே மூன்று முனை. சின்ன ரைஸ் குக்கரை அப்படியே எடுத்துப் போகலாம். சமையல் வசதியுள்ள அறையாக எடுத்தால் ரசம் சாதத்துக்கு வழி உண்டு. தாளிக்க மட்டும் செய்யாதீர்கள். மிளகாய் நெடிக்குப் புகை எச்சரிக்கை மணி அடித்து, மொத்த விடுதியும் கோட்டோடு தெருவில் நிற்கும். தாளித்த பொடியை இங்கிருந்தே டப்பாவில் கொண்டுபோங்கள். நெய், பால்கோவா, இறைச்சி எதையும் வைக்காதீர்கள், இறைச்சியும் பால் பொருளும் உள்ளே விடமாட்டார்கள்.

சாப்பாட்டுக் கடையில் மேசைக்கு இடம் பிடிக்கக் கைப்பேசியையோ பையையோ வைத்துவிட்டு வரிசையில் போய் நிற்கும் நம் ஊர்ப் பழக்கத்தைச் சாங்கியிலேயே விட்டுவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது மேசை மட்டும்தான் இருக்கும். தெருவில் நின்று வரைபடம் பார்க்கும்போதும் சுவரோரம் ஒதுங்கிப் பாருங்கள். சைக்கிளில் வந்து கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போகிறார்கள்.

கடைத்தெருவுக்கு இரண்டு நாளா? 2021 தொடக்கத்திலிருந்து அங்கே சுற்றுலாப் பயணிகளுக்குக் கடையில் கட்டிய வரியைத் திருப்பித் தருவது கிடையாது. போட்ட விலை போட்டதுதான். திரும்பி வரும்போது ஆளுக்கு 500 வெள்ளிக்கு மேல் புதுப் பொருள் இருந்தால் இங்கே ஜிஎஸ்டி வேறு. அந்த இரண்டு நாளில் ஒன்றை ஹைகேட் முருகனுக்குக் கொடுத்துவிடலாம்.

பொங்கோல் மீனா

கொடுத்தாயிற்று. கணவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

கடைசியாக ஒன்று. நேர வித்தியாசம் எட்டு மணி என்கிறார்கள். முதல் நாள் காலை ஆறு மணிக்கெல்லாம் இறங்கிவிடுவோம். அறை மதியம்தான் கிடைக்கும். அதுவரை மாமியாரை எங்கே வைத்துக்கொள்வது?

வூட்லண்ட்ஸ் வாசி

முந்தின இரவுக்கும் சேர்த்து அறையை எடுத்துவிடுங்கள். நேராகப் போய்ப் படுக்கலாம். காசு அதிகம் என்றால் மாமியாரும் ஒருவரும் தங்கும் அறையை மட்டும் அப்படி எடுங்கள், பிள்ளைகள் அதே அறையில் முகம் கழுவிக்கொள்ளட்டும். காலையில்தான் வருவோம் என்று விடுதிக்கு மின்னஞ்சல் போட்டு வையுங்கள். இல்லாவிட்டால் இரவு வரவில்லை என்று அறையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.